நீங்காத காய்ச்சலும் வயிற்று நீரும்: தொழுவத்தைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

புரூசெல்லோசிஸ் என்னும் நோயின் பெயரை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் கறவை மாடு வளர்ப்போருக்கு அந்நோய் புதிதன்று. சினைமாடு ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ கன்றை வீசிவிடுவதை அவர்கள் கண்டிருப்பார்கள். அதற்கான காரணங்களுள் முதன்மையானது இந்த நோய்க்கிருமி. மாட்டுக்குக் கன்று இழப்பைத் தரும் இக்கிருமி மனிதரைத் தொற்றும்போது நீண்ட நாள் காய்ச்சலையும் மூட்டுவலியையும் தருகிறது. மிக அரிதாக, வயிற்றினுள் நீர் கோத்து, அந்நீரில் கிருமி குடியேறி, வயிற்று உட்சவ்வு அழற்சியையும் உண்டாக்குகிறது.

அரிதான ஒரு சிக்கலைப் பற்றி இவ்விதழில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இது அடையாளம் காணப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. காணப்படாவிட்டால் மாதக்கணக்கில் உடலை உருக்கக்கூடியது. அடையாளம் காண்பதற்கான முதல் துப்பு எங்கள் ஆய்வகத்தில் இருப்பதில்லை. அது பெரும்பாலும் நோயாளியிடமும் அவருடைய குடும்பத்தாரிடமுமே இருக்கிறது. அதனால்தான் இக்கட்டுரை.

ஒரு நோயாளியின் வரலாறு

அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி இவ்வரலாற்றைச் சொல்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சில ஆண்டுகளாகவே கல்லீரல் சுருக்க நோய் இருந்தது. இரண்டு மாதங்களாக மாலை நேரத்தில் காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பு வலி, பசியின்மை. வயிறு நாளுக்கு நாள் பெருத்துவந்தது. வேறோரிடத்தில் காய்ச்சலுக்கு இரண்டு முறை மருந்து கொடுக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் சில நாள் தணிந்து மீண்டும் வந்திருந்தது.

அவருடைய மகன் நகரத்தில் வேலை பார்ப்பவர். பழைய பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். கல்லீரல் ஸ்கேன், இரத்தச் சோதனை, மருந்துச் சீட்டு என ஒன்றும் விடுபடவில்லை. தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தார். நாங்களும் அதைப் படித்துவிட்டு மேலே சென்றோம்.

வயிற்று நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தோம். அழற்சி இருப்பது தெரிந்தது. கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு வழக்கமாக வரும் கிருமித் தொற்று என்று கருதி அதற்குரிய ஊசிமருந்தைத் தொடங்கினோம். ஐந்து நாள் ஆகியும் காய்ச்சல் நிற்கவில்லை. வயிற்றுக் காசநோயாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. காசநோய் மருந்துகளைத் தொடங்கலாமா என்று நாங்கள் கலந்து பேசிக்கொண்டிருந்த வேளையில், செவிலியர் ஒருவர் நோயாளியின் மனைவியிடம் பேச்சுவாக்கில், “நீங்கள் இங்கேயே இருக்கிறீர்களே, வீட்டில் மாடு கன்றை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த அம்மையார் சொன்ன விடை இது: “ஒரு மாடுதான் கறக்குதும்மா. இன்னொன்று ஏழாம் மாசமே கன்று வீசிடுச்சு. நஞ்சுக்கொடி விழாமல் இருந்ததை இவர்தான் கையை விட்டு எடுத்தார்.” அது நிகழ்ந்தது காய்ச்சல் தொடங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு.

செவிலியர் அதை உடனே எங்களிடம் தெரிவித்தார். அன்றே ஆய்வகத்துக்குச் சொல்லிப் புரூசெல்லாவுக்கான சோதனைகளைச் செய்தோம். இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு மிக உயர்ந்திருந்தது. சில நாள்களில் வயிற்று நீரிலிருந்தும் அக்கிருமி வளர்ந்தது. அக்கேள்வியை முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது எங்கள் குறை. எனினும், நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லலாம் என்பதை உங்களுக்கு உணர்த்தவே இதை மறைக்காமல் எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

புரூசெல்லா என்பது மிகச் சிறிய ஒரு பாக்டீரியா. மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு, பன்றி, நாய் ஆகியவற்றில் இதன் வெவ்வேறு வகைகள் காணப்படுகின்றன. 1887-ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் பிரித்தானிய இராணுவ மருத்துவர், மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து இக்கிருமியைக் கண்டறிந்ததைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்தது. ஆனால் அது படைவீரர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1905-இல் அத்தீவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டொக்ளிஸ் சாமிட், நோயற்றவைபோல் தோன்றிய வெள்ளாடுகளிடம் இத்தொற்று இருப்பதைக் கண்டுபிடித்தார். படைவீரர்களுக்குப் பச்சை ஆட்டுப்பால் வழங்குவது நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் விரைவில் வெகுவாகக் குறைந்தது.

இக்கிருமி மனிதருக்கு மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று, காய்ச்சாத பாலையும் அதிலிருந்து செய்த பண்டங்களையும் உண்பது. இரண்டு, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், இறந்த கன்று ஆகியவற்றைத் தொடுவது. கையிலுள்ள சிறு கீறலும் கண்ணில் தெறிக்கும் துளியும் கிருமிக்குப் போதும். மூன்று, தொழுவத்திலும் இறைச்சிக் கூடத்திலும் ஆய்வகத்திலும் காற்றில் பரவும் நுண்துளிகளைச் சுவாசிப்பது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது.

தொற்றிய பின் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். காய்ச்சல், மிகுந்த வியர்வை, அசதி, மூட்டுவலி, முதுகுவலி, எடைக் குறைவு ஆகியவை பொதுவான அறிகுறிகள். ஆண்களில் சிலருக்கு விதைப்பை வீங்கி வலிக்கும்.

வயிற்றை ஏன் தாக்குகிறது?

நம் உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்று சில வெள்ளணுக்கள் உள்ளன. புரூசெல்லா அவற்றால் விழுங்கப்பட்டும் சாவதில்லை. அவற்றின் உள்ளேயே ஒளிந்து பெருகுகிறது. அவ்வணுக்கள் நிறைந்த கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள் ஆகியவை இக்கிருமியின் உறைவிடங்களாகின்றன. ஆகவே கல்லீரலிலும் மண்ணீரலிலும் இலேசான வீக்கம் ஏற்படுவது இந்நோயில் புதிதன்று. அங்கே சீழ்க்கட்டி உருவாவது அரிது. வயிற்று உட்சவ்வு அழற்சி அதனினும் அரிது.

வயிற்று உட்சவ்வு என்பது குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளைப் போர்த்தியும் வயிற்றுச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியும் இருக்கும் மெல்லிய உறை. இயல்பான நிலையில் அதனிடையே சிறிதளவு நீரே இருக்கும். கல்லீரல் சுருக்க நோயில் அங்கே பல லிட்டர் நீர் தேங்குகிறது. அந்த நீரில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் குறைவு. இரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்ட வேண்டிய கல்லீரலும் தளர்ந்திருக்கிறது. இரத்தத்தில் சுற்றும் புரூசெல்லா அந்நீரில் தங்கிவிட இவ்விரு குறைகளும் வழி செய்கின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் இத்தொற்று அரிதாகப் பதிவாகியுள்ளது.

காசநோய் போலத் தோன்றுவது ஏன்?

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, வயிற்று நீர் என்றால் நம் நாட்டில் மருத்துவருக்கு முதலில் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பு. அது தவறும் அன்று. புரூசெல்லோசிஸ் இவை அனைத்திலும் காசநோயை ஒத்திருக்கிறது. வயிற்று நீரைச் சோதித்தால் இரு நோய்களிலும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கலாம். காசநோயைச் சுட்டும் ஏடிஏ என்னும் நொதியின் அளவு இரண்டிலும் உயர்ந்திருக்கலாம். திசுப் பரிசோதனையிலும் சிறு கணுக்கள் போன்ற அழற்சி இரண்டிலும் தென்படலாம்.

மேலும் ஒரு குழப்பம் உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து புரூசெல்லாவையும் ஓரளவு அடக்கும். ஆகவே காசநோய் என்று கருதிச் சிகிச்சை தொடங்கினால் நோயாளி சற்றுத் தேறியதுபோலத் தோன்றலாம். ஆனால் துணை மருந்து இல்லாமையால் கிருமி முற்றிலும் அழியாமல் பின்னர் மீண்டும் தலைதூக்கக்கூடும். “மருந்து தொடங்கியதும் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது” என்று உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் நேர்ந்தால் அதையும் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டுக் காசநோய் மருந்தை உண்பவர் எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்தை மாற்றும் முடிவு சோதனைகளின் அடிப்படையில் மருத்துவரால் எடுக்கப்பட வேண்டியது.

எவ்வாறு கண்டறிகிறோம்?

வயிற்று நீரை எடுக்கும் சோதனையைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். வயிற்றின் ஒரு பக்கத்தில் தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு மெல்லிய ஊசியால் நீரை எடுக்கிறோம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நீரில் ஒரு பகுதியை நோயாளியின் படுக்கையருகிலேயே கிருமி வளர்ப்புக் குப்பியில் செலுத்துகிறோம். அதனுடன் இரத்தமும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்படும்.

புரூசெல்லா மெதுவாக வளரும் கிருமி. இக்காலத் தானியங்கிக் கருவிகளில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தென்பட்டாலும் சிலவேளை கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் பணியாற்றுவோரை எளிதில் தொற்றும் கிருமியும் இதுவே. ஆகவே எங்களுக்கு ஐயம் இருப்பதை முன்கூட்டியே ஆய்வகத்துக்குத் தெரிவிக்கிறோம். நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் அங்கே பணிபுரிவோரையும் காக்கிறது.

இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் காணும் சோதனைகளும் உண்டு. ரோஸ் பெங்கால் என்பது சில நிமிடங்களில் முடியும் முதற்கட்டச் சோதனை. திரட்சிச் சோதனையில் 1:160 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு, பொருத்தமான அறிகுறிகளும் இருக்கும்போது, நோயை வலுவாகச் சுட்டும்.

சிகிச்சையும் பொறுமையும்

வெள்ளணுக்களுக்குள் ஒளியும் கிருமி என்பதால் ஒரே மருந்து போதாது. சில நாள் மருந்தும் போதாது. டாக்சிசைக்ளின் மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை 6 வாரங்கள் தருவது சிகிச்சையின் அடிப்படை. அதனுடன் ரிஃபாம்பிசின் 6 வாரங்களோ, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி 2 முதல் 3 வாரங்களோ, ஜென்டாமைசின் ஊசி 7 முதல் 10 நாள்களோ சேர்க்கப்படும். முதுகெலும்பு, வயிறு போன்ற இடங்களில் சிக்கல் ஏற்பட்டிருந்தால் சிகிச்சை மூன்று மாதம் வரையிலும் நீளலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்துகள் வேறுபடும்.

நாங்கள் குறிப்பிட்ட நோயாளிக்கு மருந்தைத் தேர்வதே எளிதாக இல்லை. ஊசிமருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை; வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் நோயாளிகளுக்கு அந்த அபாயம் மிகுதி. ரிஃபாம்பிசினோ கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ஆய்ந்து பார்த்து, ஊசியைத் தவிர்த்து, இரண்டு மாத்திரைகளையும் கொடுத்து, தொடக்கத்தில் வாரந்தோறும் கல்லீரல் சோதனை செய்தோம். ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்றது. வயிற்று நீரும் மெல்லக் குறைந்தது.

நான்காம் வாரத்தில் மகன் தொலைபேசியில் அழைத்தார். “அப்பா நன்றாக இருக்கிறார், நல்லாத்தானே இருக்கிறேன், மாத்திரை எதற்கு என்று கேட்கிறார்” என்றார். இந்நோயில் மிக முக்கியமான கட்டம் அதுவே. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு நோய் மீள்கிறது. இடையில் நிறுத்துவோருக்கு அந்த அபாயம் பெருகுகிறது. அவர் மருந்தைத் தொடர்ந்தார். 12 வாரம் முடித்தார். ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்ததில் காய்ச்சல் திரும்பவில்லை. அவருடைய கல்லீரல் சுருக்க நோய் மறைந்துவிடவில்லை. அதற்கான சிகிச்சை தொடர்கிறது. ஆயினும் அதன்மேல் ஏறியிருந்த ஒரு பெருஞ்சுமை இறங்கியது.

மாத்திரை உண்போர் கவனிக்க வேண்டியவை சில. டாக்சிசைக்ளினை ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் அமர்ந்த நிலையில் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். அமிலத்தணிப்பு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், பால் ஆகியவற்றை அதே வேளையில் உட்கொள்ளக் கூடாது. கடும் வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகலாம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது இரத்தமன்று, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அம்மருந்து கருத்தடை மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இரத்த உறைவுத் தடுப்பு மருந்து ஆகியவற்றின் வலிமையைக் குறைக்கும். நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளையும் எங்களிடம் காட்டுங்கள்.

கண் மஞ்சளாதல், கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல், கருமையான மலம், இரத்த வாந்தி, தடுமாற்றமான பேச்சு அல்லது மிகுந்த உறக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த வருகைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தினர் எங்களிடம் கேட்டவை

“அருகில் இருந்து கவனிக்கும் எங்களுக்குத் தொற்றுமா?” பேசுவதாலும் உடனுண்பதாலும் தொற்றாது. ஆனால் ஒரே தொழுவத்தில் உழைத்து, ஒரே பாலைக் குடித்த வீட்டினருக்கு அதே மூலத்திலிருந்து தொற்று வந்திருக்கலாம். அந்த நோயாளியின் மனைவிக்குப் பல வாரங்களாக முதுகுவலியும் அசதியும் இருந்தன. கணவரைப் பார்த்துக்கொள்ளும் அலைச்சல் என்றே அவர் எண்ணியிருந்தார். சோதனையில் அவருக்கும் நோய் உறுதியாயிற்று. அவரும் மருந்து உண்டு நலமடைந்தார்.

“மாட்டை என்ன செய்வது?” இக்கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்கள். பிள்ளைபோல் வளர்த்த மாடு. வீட்டின் வருவாயும் அதுவே. நோய் வந்தது எவருடைய பிழையாலும் அன்று. கால்நடை மருத்துவரை அழைத்து எல்லா மாடு ஆடுகளுக்கும் சோதனை செய்யுமாறு சொன்னோம். நோயுள்ள மாட்டைப் பிரித்து வைப்பது பற்றியும் அதன் பால், சினை, விற்பனை பற்றியும் அவர் சொல்வதே முடிவானது. தெரிந்தே அதைப் பிறருக்கு விற்றால் இன்னொரு வீட்டுக்கு நோயை அனுப்பியவர்கள் ஆவோம்.

“இனிப் பாலே குடிக்கக் கூடாதா?” தாராளமாகக் குடிக்கலாம். பொங்கி வரும்வரை காய்ச்சிய பாலில் இக்கிருமி பிழைக்காது. பாலை 72 பாகை செல்சியசில் 15 விநாடி வைத்துப் பதப்படுத்தும் முறையும் இதைக் கொல்கிறது. மடியிலிருந்து கறந்த சூட்டோடு குடிப்பது காய்ச்சியதாகாது. குழந்தைகளுக்கு அவ்வாறு கொடுக்கும் வழக்கத்தையும், மருந்தென்று பச்சை ஆட்டுப்பால் கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். சீம்பாலையும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். தயிரும் பனீரும் காய்ச்சிய பாலில் செய்தவையாக இருக்கட்டும்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

கன்று ஈனும்போதும், குறிப்பாகக் கன்று வீசும்போதும், வெறுங்கையால் உதவாதீர்கள். நஞ்சுக்கொடி விழாவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நீங்களே கை வைக்க நேர்ந்தால் நீண்ட கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பின்னர் கையைச் சோப்பால் நன்கு கழுவுங்கள். கர்ப்பிணிகள் அவ்விடத்துக்குச் செல்லவே வேண்டாம்.

நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரக் கிளையில் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நாய் இழுக்காமல் இருக்கவே பெரியவர்கள் அவ்வாறு செய்திருக்கக்கூடும். ஆயினும் கன்று வீசிய மாட்டின் கொடியில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அதையும் இறந்த கன்றையும் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத்தூள் இட்டுப் புதைப்பதே பாதுகாப்பானது.

4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும். 2019-இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதுவும் அடங்கும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மனிதருக்கான தடுப்பூசி நம் நாட்டில் வழக்கில் இல்லை. கன்றுக்குப் போடும் ஊசி மனிதரைத் தவறிக் குத்தினாலும் நோய் வரலாம் என்பதால் அதை மருத்துவப் பணியாளரிடமே விட்டுவிடுங்கள்.

எங்களிடம் சொல்ல வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு மருத்துவரைக் காண வரும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லுங்கள்:

வீட்டிலோ அண்டை வீட்டிலோ மாடு, ஆடு, பன்றி இருக்கின்றனவா. கடந்த ஆறு மாதத்தில் அவற்றுள் ஏதேனும் கன்றோ குட்டியோ வீசியதா. அதைத் தொட்டவர் யார். காய்ச்சாத பாலோ அதில் செய்த பண்டமோ உண்டீர்களா. இறைச்சி வெட்டுதல், கால்நடை மருத்துவம், ஆய்வகப் பணி போன்ற தொழில் உண்டா. வீட்டில் வேறு எவருக்கேனும் காய்ச்சலோ மூட்டுவலியோ இருக்கிறதா.

நகரத்தில் வாழும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துவரும்போது, ஊரிலிருந்து புறப்படும் முன்பே தாயிடமோ தந்தையிடமோ இவற்றைக் கேட்டுக் கோப்பின் முதல் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவரின் நேரம் வீணாகிறது என்று தயங்கவும் வேண்டாம். அத்தகைய ஒரு தாளை நாங்கள் முதலில் படிப்போம்.